உண்ணிக்குச்சி நாற்காலி

மாதேஸ்வரன் மலைக்கு எல்லாரும் சாமி கும்பிடப் போவார்கள், நான் போனது நாற்காலி பார்க்க. மேட்டூரில் பஸ் ஏறி, கொளத்தூர் தாண்டி, பாலாற்றில் கர்நாடகத்துக்குள் நுழைந்தால் வழியெல்லாம் உண்ணிச்செடிதான். பூ என்னவோ அழகுதான், புதருக்குள் ஆள் நுழைய முடியாது. வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த அமெரிக்கச் செடி இது. பழத்தைக் குருவி தின்று விதையைப் பரப்ப, விஷ இலை என்று ஆடுமாடும் தொடாமல் விட, அடியில் புல்கூட முளைக்காதபடி காட்டை மூடிவிட்டது.

இந்த மலையின் பழங்குடிகளான சோளகர்கள் மூங்கில் கூடை முடைந்தவர்கள். மூங்கில் கிடைப்பது குறைந்ததும், பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் 2004 வாக்கில் உண்ணிக்குச்சியில் வேலை செய்யப் பயிற்சி கொடுத்தது.

பட்டறை வாசலிலேயே தகர டிரம்மில் குச்சிகள் வெந்துகொண்டிருந்தன. பச்சிலையும் கஷாயமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. "ரெண்டு மணி நேரமாச்சும் வேகணும்க்கா, அப்பத்தான் தோல் உரியும்" என்றார் அண்ணன் ஒருவர். சூடு ஆறுவதற்குள் வளைத்தாக வேண்டும், ஆறினால் ஒடிந்துவிடும். கட்டைவிரல் தடிமனில் ஒரு குச்சியை எடுத்து, கத்தியால் சர்ரென்று தோலைச் சீவி, முழங்காலில் வைத்து அழுத்தினார், நாற்காலியின் கைப்பிடி வந்துவிட்டது. இன்னொரு குச்சியில் இயற்கையாகவே ஒரு கோணல் இருந்தது, அதை நிமிர்த்தவே இல்லை, அப்படியே முதுகுச் சாய்வில் பொருத்தி ஆணி அடித்தார். வடிவத்தில் பாதியைக் குச்சியே முடிவு பண்ணுகிறது! தூரத்தில் பார்த்தால் பிரம்பு என்றே சொல்வீர்கள், கரையானும் சீக்கிரத்தில் அண்டாது.

சரி, நாற்காலி செய்தே காடு சுத்தமாகிவிடுமா? எனக்கு நம்பிக்கையில்லை. வெறுமனே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். அந்தக் காலத்தில் சருகுக்குச் சின்னதாகத் தீ வைத்து இதை அடக்கி வைத்திருந்தோம், வனச்சட்டம் வந்து அது நின்றுபோனதில்தான் இவ்வளவு பெருகியது என்பது சோளகர்களின் வாதம்.

ஒரு முக்காலி வாங்கினேன். திரும்பும்போது அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்ட கண்டக்டர், நிற்கிற கூட்டத்தில் ஒரு பாட்டியைக் கூப்பிட்டு அதிலேயே உட்கார வைத்துவிட்டார். மேட்டூர் வரை நான் நின்றுகொண்டுதான் வந்தேன்.