ரிசப்ஷன்ல மாட்டியிருந்த இந்தியா மேப்

கிண்டில நான் ஒம்பது வருஷம் குப்பை கொட்டின ஆபீஸ்ல, ரிசப்ஷன் சோஃபாவுக்குப் பின்னாடி சுவர் அளவுக்கு ஒரு இந்தியா மேப் மாட்டியிருப்பாங்க. மேல சிவப்பு பின்னா குத்தி இருக்கும். ஜம்மு, குவஹாத்தி, கொச்சி, ராஞ்சினு எல்லாத்துலயும் ஒண்ணு. வர்ற கிளையண்ட் எல்லாரும் அதுக்கு முன்னாடி நின்னு "பரவால்லையே, பேன் இந்தியா பிரசன்ஸ்"னு சொல்லிட்டுதான் உள்ள வருவாங்க. எங்க எம்டிக்கு முகமெல்லாம் பூரிச்சுடும்.

நாங்க பண்றது ஸ்டாஃபிங். ஊர்ல கேட்டா ஆள் சப்ளைனு சொல்லிடுவாங்க, அதுவும் தப்பில்ல. ஃபேக்டரியிலயும் குடோன்லயும் ஷோரூம்லயும் வேலை பாக்குறவன் சம்பளம் எங்க ரோல்ல, அதாவது எங்க கம்பெனி சம்பளக் கணக்குல போகும், வேலை வாங்குறது கிளையண்ட். சென்னைக்கும் இந்த தொழிலுக்கும் பழைய பழக்கம், 1992லயே இங்கதான் பாண்டியராஜன் மாஃபா ஆரம்பிச்சார், பின்னாடி அமைச்சரே ஆனாரே அவர்தான், அந்த கம்பெனி கடைசில நெதர்லாந்து ராண்ட்ஸ்டாட் கைக்குப் போச்சு. நம்மாளு பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்ட மாஃபா மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

சரி மேப்புக்கு வர்றேன். நான் இருந்தது கம்ப்ளையன்ஸ்ல, சட்டப்படி எல்லாம் நடக்குதான்னு பாக்குற டீம், அதனால அந்த பின் ஒவ்வொண்ணும் ஏன் அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆள் எங்க கிடைக்கிறாங்கன்னு பாத்து பிராஞ்ச் போடுறதா வெளில இருக்குறவங்க நினைச்சுக்குறாங்க. அப்படி போட்ட பிராஞ்ச் ஒண்ணு கூட எனக்கு ஞாபகம் இல்ல. ஒண்ணு கிளையண்ட் இழுத்துட்டு போயிருப்பான், இல்லனா சட்டம் இழுத்துட்டு போயிருக்கும்.

உதாரணத்துக்கு ருத்ரபூர். உத்தராகண்ட்ல, நைனிடால் மலைக்குக் கீழ தராய் சமவெளி. 2003ல மத்திய அரசு உத்தராகண்ட்டுக்கும் இமாச்சலுக்கும் எக்ஸைஸ் சலுகை, வருமான வரி சலுகைனு கொடுத்ததும் ஃபேக்டரி எல்லாம் ருத்ரபூர் பக்கத்துல இருக்குற பந்த்நகர் சிட்குல்ங்குற தொழிற்பேட்டைக்கும், இமாச்சல்ல பத்தி (Baddi)ங்குற ஊருக்கும் படையெடுத்துச்சு, பின்னாடியே எங்கள மாதிரி ஆளுங்களும் போனோம். ஒரு ஜனவரில ஆடிட்டுக்கு போனேன். பனில எதிர்ல வர்ற டிராக்டர் கூட தெரியல. மொபைல் கடைக்கு மேல ஒரு ரூம், அதுதான் எங்க பிராஞ்ச். ஒரு டேபிள், ஒரு பிரிண்டர், கால்கிட்ட ஹீட்டர், ரெண்டு பீரோ நிறைய ரிஜிஸ்டர். அங்க இருந்த பொண்ணு தனியாளா மஸ்டர் ரோல்ங்குற வருகைப் பதிவு, சம்பள ரிஜிஸ்டர், ஓவர்டைம் ரிஜிஸ்டர் எல்லாத்தையும் பராமரிச்சுட்டு இருந்துச்சு, எனக்கு டீ கொடுத்துட்டு "சார், ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வர்றது மூணு வருஷத்துல இதான் முதல் தடவ"ன்னுச்சு.

ரூமை ஏன் சிட்குல் கேட்டுக்கு அவ்வளவு பக்கத்துல எடுத்தோம்னா, காண்ட்ராக்ட் லேபர் சட்டம்னு 1970ல போட்டது ஒண்ணு அப்ப இருந்துச்சு. அதோட மத்திய விதியில ரிஜிஸ்டர் எல்லாம் வேலை நடக்குற இடத்துலயே இருக்கணும், இல்லனா மூணு கிலோமீட்டர் சுத்தளவுக்குள்ள இருக்கணும்னு இருந்துச்சு, ஸ்டேட் ரூல்ஸ் பலதும் அதை ஒட்டித்தான். லேபர் இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா உடனே எடுத்துக் காட்டணும்ல. பாதி பின்னோட கதை இந்த மூணு கிலோமீட்டர்தான். எங்க ஸ்ட்ராட்டஜி டீம் பிபிடி போட்டு மார்க்கெட் பொட்டன்ஷியல்னு விளக்குறப்ப எல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும்.

மீதி பாதிக்கு 2017 ஜூலை காரணம். அதுக்கு முன்னாடி சர்வீஸ் டாக்ஸ் காலத்துல ஒரே ரிஜிஸ்ட்ரேஷன்ல நாடு முழுக்க பில் போட்டுட்டு இருந்தோம், ஜிஎஸ்டி வந்ததும் ஆளுங்க உக்காந்து வேலை பாக்குற ஸ்டேட்ல எல்லாம் தனித்தனி நம்பர் எடுத்துடுங்கன்னு எங்க ஆடிட்டர் சொல்லிட்டார். நம்பர் வேணும்னா அந்த ஸ்டேட்ல அட்ரஸ் வேணும், அட்ரஸ் வேணும்னா வாடகை அக்ரிமெண்ட் வேணும், வாசல்ல ஜிஎஸ்டி நம்பர் எழுதின போர்டு தொங்கணும். போர்டு தொங்கினா பின் குத்திடுவாங்க. ஒரு ஊர்ல எங்க பிராஞ்ச் ஒரு வக்கீல் வீட்டு மாடிப்படிக்குக் கீழ இருந்துச்சு, போர்டு இருக்கும், ஆள் இருக்காது, தபால் வந்தா வக்கீல் வீட்டம்மா வாங்கி வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புவாங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது பார்டர் ஊருங்க. கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டினா ஆந்திராவோட தடா, பக்கத்துலயே ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை. இந்தப் பக்கம் இருந்து அங்க வேலைக்கு பஸ்ல தூங்கிட்டு போற பொண்ணுக்கு ஸ்டேட் மாறினதே தெரியாது, ஆனா பேரோல்ல எல்லாமே மாறும். மினிமம் வேஜ் ஆந்திரா கணக்கு. தொழில் வரி தமிழ்நாடுன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ கட்டணும், ஆந்திரான்னா சம்பள ஸ்லாபைப் பொறுத்து மாசாமாசம் நூத்தம்பதோ இருநூறோ பிடிக்கணும். இஎஸ்ஐ டிஸ்பென்சரிய மட்டும் வீட்டுப் பக்கம் கேப்பாங்க, நியாயம்தானே, காய்ச்சலோட யாரு பார்டர் தாண்டி டாக்டர பாக்கப் போவா. ஜிஎஸ்டி கோட்ல தமிழ்நாடு 33, ஆந்திரா 37, அதுல ஒரு எண்ணை மாத்திப் போட்டு பில் திரும்பி வந்து நான் வாங்கின திட்டு இருக்கே, அது தனி போஸ்ட். கர்நாடகா பார்டர்ல ஓசூர் அத்திப்பள்ளிலயும் இதே கூத்துதான். அங்கிட்டு வாப்பி பிராஞ்ச் குஜராத்துல உக்காந்துகிட்டு டாமன், சில்வாசா ரெண்டையும் பாக்கும், அது ரெண்டும் 2020 ஜனவரில ஒரே யூனியன் பிரதேசமா சேர்ந்தப்ப எங்களுக்கு எல்லா ஃபார்மும் திரும்ப முதல்ல இருந்து.

குவஹாத்தி பின் வேற ரகம். அந்த ஒரு பின்தான் வடகிழக்கு மொத்தத்துக்கும். நாகாலாந்து, மிசோரம், அருணாச்சல்ல ஒரு ஆள ஜாயின் பண்ண வைக்க அங்கிருந்து ஒருத்தர் போகணும்னா இன்னர் லைன் பர்மிட்னு வெளியூர்காரங்க உள்ள நுழையுறதுக்கான அனுமதி எடுத்துட்டுதான் போகணும். மேப்ல பாத்தா ஒரு விரக்கடை தூரம்தான்.

ஆனா அந்த மேப்ல எனக்கு உறுத்துற விஷயம் வேற. சக்கன், மானேசர், சானந்த், ஒரகடம், பிவாண்டி குடோன் பெல்ட்னு வேலை இருக்குற பக்கம் எல்லாம் பின்னு பின்னா இருக்கும். அங்க வேலை பாக்குற பசங்க வர்ற ஊர் இருக்கே, ஒடிசால கஞ்சம், பாலசோர், பீகார்ல தர்பங்கா, ஜார்க்கண்ட்ல பலாமு, அங்க எல்லாம் சுத்தமா காலி. வர்ற வழிக்கு ஏஜெண்ட் இருப்பான், திரும்பிப் போன பிறகு யாரும் கிடையாது.

2019ல ஒரு பையன் போன் பண்ணான். பாலசோர்காரன், சக்கன்ல எங்க ரோல்ல பதினாலு மாசம் வேலை பாத்தவன். அந்த கிளையண்ட் காண்ட்ராக்ட முடிச்சுட்டான், நாங்களும் அங்க இருந்த கேபின காலி பண்ணிட்டோம். இவன் ஊருக்குப் போய் பிஎஃப் எடுக்க அப்ளை பண்ணா ரிஜெக்ட், ஏன்னா ஆதார்ல இருக்குற 'குமார்' பிஎஃப் கணக்குல இல்ல. ஜாயினிங் ஃபார்ம டைப் பண்ண எங்காளு விட்டுட்டான். அப்ப அதைத் திருத்த ஜாயிண்ட் டிக்ளரேஷன்னு அவனும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்குற ஃபார்ம் வேணும், அதுல கம்பெனி கையெழுத்தும் சீலும் இருக்கணும். "பக்கத்துல உங்க பிராஞ்ச் எங்க சார் இருக்கு"ன்னு இந்தில கேட்டான். மேப்ல இருக்குற மாதிரியே புவனேஸ்வர்னு சொன்னேன். நாலு மணி நேரம் போய் பாத்திருக்கான். அங்க ஒரு டெலிகாம் கிளையண்டோட சேல்ஸ் பசங்கள பாத்துக்க போட்ட ஒரே ஒரு ஆள்தான், அவர்கிட்ட சீலும் கிடையாது, கையெழுத்து போடுற அதிகாரமும் கிடையாது. கூரியர்ல அனுப்புன்னேன், அனுப்பினான், ஒரு இடத்துல இங்க் ஊறியிருக்குன்னு பிஎஃப் ஆபீஸ்ல திருப்பிட்டாங்க.

ஒரு நாள் காலைல ரிசப்ஷன்ல இருந்து கூப்பிட்டாங்க. அந்தப் பையன் பாலசோர்ல டிரெயின் ஏறி நேரா வந்துட்டான். தோள்ல ஒரு பேக், கைல பிளாஸ்டிக் கவர்ல பேப்பர், சரியா அந்த மேப்புக்குக் கீழ உக்காந்திருந்தான். சீல் வெச்சு கையெழுத்து வாங்க அஞ்சு நிமிஷம் ஆகல. டிரெயின் காசு கொடுக்கலாமான்னு மேனேஜர்கிட்ட கேட்டேன், எந்தக் கணக்கு ஹெட்ல புக் பண்ணுவேன்னு கேட்டார். என் பாக்கெட்ல இருந்து கொடுத்தேன், வாங்க மாட்டேன்னான், கேண்டீன்ல சாப்பாடு மட்டும் சாப்ட்டான்.

இப்ப 2025 நவம்பர்ல புது லேபர் கோட் அமலுக்கு வந்துடுச்சு, பல ஸ்டேட்ல ஆள் போடுற காண்ட்ராக்டருக்கு நாடு முழுக்க ஒரே லைசென்ஸ், அஞ்சு வருஷம் செல்லும். ரிஜிஸ்டரும் கம்ப்யூட்டர்லயே போதும்ங்குறாங்க. பாதி ரூம காலி பண்ணிடலாம்னு பேச்சு ஓடுதாம், பழைய ஆபீஸ் பசங்க குரூப்ல போட்டிருந்தாங்க. ருத்ரபூர் லிஸ்ட்ல முதல்ல இருக்கு. அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான் இருக்கான்னு கேட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல.

பையன் அன்னிக்கு ராத்திரி ஹௌரா மெயில்ல கிளம்பினான், அன்ரிசர்வ்டுல. ரெண்டு மாசம் கழிச்சு பணம் ஏறிடுச்சுன்னு பேங்க் மெசேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பி இருந்தான்.