பருவுக்கு எட்டு வாரம்

ஜூன் 16, 2025, திங்கள்

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் தோல் ஓ.பி. இன்று நிரம்பி வழிந்தது. பருவுக்குப் பாதுகாப்பான சிகிச்சை எது என்று தேடுவதற்கு முன்னால், வருகிறவர்கள் இதுவரை முகத்தில் என்னவெல்லாம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுது என்பது என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் சொன்ன வழி. அதுதான் சரி என்று இன்றைக்கே புரிந்துவிட்டது.

குளச்சலில் இருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள், காலேஜ் படிக்கிறாள். பையில் இருந்து ஒரு ட்யூபை எடுத்து நீட்டினாள். அடியில் இருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டு வரை பிதுக்கிய ட்யூப். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த வெள்ளையாக்கும் க்ரீம். "முதல்ல நல்லா கேட்டுது அக்கா. நிறுத்தினாத்தான் எரியுது" என்றாள். கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரிந்தன. தாடையில் ஒரே அளவில் சின்னச் சின்னதாகப் பொரிந்திருந்தது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்குவதால் நாலே நாளில் முகம் தெளிந்த மாதிரி இருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ஸ்டீராய்டே புதுப் பருவைக் கிளப்பும். இப்படிப்பட்ட க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே 'ஷெட்யூல் எச்' பட்டியலில் சேர்த்தாயிற்று. இவளுக்குச் சீட்டு இல்லாமல்தான் கிடைத்திருக்கிறது.

ஜூன் 21, சனி

மார்த்தாண்டத்தில் இருந்து வந்த ஒரு அம்மா, மகளுக்குக் கடும் பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதலாமா என்ற பேச்சு வந்ததும் என்னைத் தனியாக அழைத்து, "மக்ளே, கல்யாணத்துக்குப் பாக்குற பிள்ளை. பின்னால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. கர்ப்பத்தில் இந்த மாத்திரை சேர்ந்தால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகள் வரலாம். அமெரிக்காவில் 1982இல் அனுமதி பெற்ற மருந்து இது. 2006இல் இருந்து அங்கே மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை பார்த்துத்தான் கர்ப்பமாகக்கூடிய பெண்களுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கடந்துவிட்டால், பிறகு தரிக்கும் குழந்தைக்கு அதனால் பாதிப்பு இல்லை. இதை நிறுத்தி நிதானமாகச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. தழும்பு விழுகிற அளவுக்குப் பெரிய பருவுக்கு இதைப்போல வேலை செய்யும் மருந்து வேறு இல்லை. ஆபத்து என்று மொத்தமாக ஒதுக்குவதும் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்தான்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற உருக்கெண்ணெய் தடவினால் பரு போகாதா என்றாள் பாட்டி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது பருவோடு தொடர்புள்ள பாக்டீரியாவைக் கொல்லும் என்று 2009இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது தனியாகப் பிரித்தெடுத்த அமிலம். எண்ணெயாகவே முகத்தில் பூசினால் துவாரம் அடைபடும். தலைக்கு எண்ணெய் வழிய வைக்கிறவர்களுக்கு நெற்றியோரம் பொரிவது அதனால்தான். பாட்டிக்கு இது ஏற்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க, பருவுக்குத் தடவும் பென்சாயில் பெராக்சைடு பற்றித்தான் வாசிப்பு. பழைய மருந்து, விலையும் அதிகமில்லை. சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதமும் 10 சதவீதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எரிச்சல் மட்டும் 2.5இல் குறைவு. நம் நிறத்துக்கு இது பெரிய விஷயம். மாநிறத் தோலில் எரிச்சல் வந்தாலே கருமை படியும், அந்தக் கருமைக்குப் பயந்துதான் பிள்ளைகள் வெள்ளையாக்கும் க்ரீமுக்குப் போகிறார்கள். கிளின்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மட்டும் மாதக்கணக்கில் தடவினால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். பெராக்சைடுக்கு அப்படிப் பழகுவதில்லை. அதனால் இரண்டையும் சேர்த்துத் தர வேண்டும். பெராக்சைடு பட்டால் துண்டும் தலையணை உறையும் வெளுக்கும், அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தடவ அசிலாயிக் அமிலம் இருக்கிறது, அது கருமையையும் குறைக்கும்.

ஜூலை 4, வெள்ளி

மழை. குறிப்புகளை எல்லாம் விரித்து வைத்து உட்கார்ந்தேன். பாதுகாப்பான மருந்து கிடைக்காததால் யாரும் கெட்டுப்போகவில்லை. அது வேலை செய்ய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அடாபலீன் என்ற தடவும் மருந்து என்றால் ஆரம்பத்தில் பரு கொஞ்சம் கூடிவிட்டுத்தான் குறையும் என்று யாரும் சொல்லாததால்தான் பலர் பாதியில் விட்டிருக்கிறார்கள். விட்டவர்கள் போய் நிற்கும் இடம் ஸ்டீராய்டு ட்யூப். எந்த மருந்து என்று எழுதித் தருவதோடு, எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்பதையும் எழுதித் தருவது சிகிச்சையில் சேர்ந்தது என்று மேடத்திடம் சொன்னேன். ஆய்வுக்கான கேள்வித்தாளில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். "முந்தைய மருந்தை எத்தனை வாரம் போட்டீர்கள்? ஏன் நிறுத்தினீர்கள்?" கேள்வித்தாளை மாற்றுவதால் ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டிக்கு மறுபடி ஒரு கடிதம் வைக்க வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

குளச்சல் பிள்ளை வந்தாள். சிவப்பு அப்படியேதான் இருக்கிறது, ராத்திரி எரிச்சலில் தூக்கமில்லை என்றாள். ட்யூபை மட்டும் திரும்ப வாங்கவில்லை. ஸ்டீராய்டு விட்ட முகம் அடங்கச் சில மாதம் ஆகலாம் என்று மேடம் மறைக்காமல் சொன்னார். அவளுடைய சீட்டின் பின்பக்கம் அடுத்த நாலு வாரமும் என்னென்ன ஆகும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். நாளை இதையே ஒரு பக்கத் தாளாகத் தட்டச்சு செய்து மேடத்திடம் காட்ட வேண்டும்.