கைவிட்டுப் போவது குளோரின், இழுப்பது நைட்ரோ

பிரேசிலில் முதுநிலை வேதியியல் படிக்கச் சென்ற முதல் பருவத்திலேயே, கரிம வேதியியல் தேர்வில் ஒரு கேள்வியை முழுதாகக் கோட்டைவிட்டேன். பாடம் தெரியாமல் அல்ல, ஒரு போர்த்துகீசியச் சொல்லால்.

பாரா-குளோரோநைட்ரோபென்சீன் (பென்சீன் வளையத்தில் குளோரினும் நைட்ரோ தொகுதியும் எதிரெதிரே, அதாவது 'பாரா' இடத்தில், உள்ள மூலக்கூறு) சோடியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிகிறது. இதில் 'ரெட்டிரடோர்' தொகுதி எது, அதன் வேலை என்ன? இதுதான் கேள்வி. 'ரெட்டிரார்' என்றால் அகற்றுவது, 'ரெட்டிரார்-ஸே' என்றால் விலகிப் போவது என்று அகராதியில் படித்திருந்தேன். விலகிப் போகும் தொகுதியைத்தான் கேட்கிறார்கள் என்று முடிவுகட்டி, குளோரின் என்று எழுதி அரைப் பக்கம் விளக்கமும் கொடுத்தேன். விடை நைட்ரோ. எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் தொகுதிக்குத்தான் அந்தப் பெயர். வெளியேறும் தொகுதியை அங்கே 'அபண்டொனடோர்' என்கிறார்கள், அதாவது கைவிட்டுப் போவது. குளோரினுக்கு இவ்வளவு சோகம் தேவையா என்று இன்றும் தோன்றுகிறது.

வகுப்பில் இந்தச் சொல் காதில் விழாமலா இருந்தது? விழுந்தது. ஆனால் அங்கே சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ர'வை 'ஹ' போல ஒலிக்கிறார்கள், 'டி' பெரும்பாலும் 'ச்சி' ஆகிவிடுகிறது. ஆசிரியர் வாரந்தோறும் சொன்ன 'ஹெச்சிரடோர்' வேறேதோ என்றே நினைத்திருந்தேன். ஆகவே புதுச் சொல்லைக் கேட்டவுடன் பக்கத்து மாணவரிடம் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

அதன்பிறகு சொற்பட்டியல் போடுவதை விட்டுவிட்டேன். மூலக்கூறை வரைந்து அதன் மேலேயே சொற்களை எழுதினேன். நைட்ரோ மேல் ரெட்டிரடோர், குளோரின் மேல் அபண்டொனடோர், நடுவில் அம்புக்குறிகள். ஹைட்ராக்சைடு தாக்கும்போது வளையத்தில் சேரும் எதிர்மின்சுமையை நைட்ரோ வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் குளோரினால் கிளம்ப முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த எண்களும் அப்போதுதான் பொருள்பட்டன: இந்த வினை நடக்க, நைட்ரோ இல்லாத வெறும் குளோரோபென்சீனுக்கு 623 கெல்வினும் 300 வளிமண்டல அழுத்தமும், பாராவில் ஒரு நைட்ரோ இருந்தால் 443 கெல்வின்.

இன்னொரு சிக்கல், பிரேசில் நூலும் போர்ச்சுகல் நூலும் ஒன்றல்ல. பிரேசிலில் 'மெட்டிலா', போர்ச்சுகலில் 'மெட்டிலோ'. முன்னதில் 'எலெட்ரான்', பின்னதில் 'எலெட்ராவ்'. ஹைட்ராக்சைடு போலத் தாக்கும் பொருளை நாம் கருக்கவர் பொருள் என்பதை யாழ்ப்பாணத்து நண்பர் கருநாடி என்பது போலத்தான். எந்த நாட்டில் தேர்வோ அந்த நாட்டு நூலையே படியுங்கள். நான் இரண்டையும் கலந்து ஒரே வரியில் எழுதினேன். மதிப்பெண் குறையவில்லை, சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.