வென்டிலேட்டர் அறைக்கு வெளியே 41 நாட்கள்

2021 மே 9ஆம் தேதி, கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த வேளையில், 62 வயதான என் அப்பாவைச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நெடுநாள் சர்க்கரை நோயாளி. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர், 86 சதவீதம் என்ற குறைந்த அளவைக் காட்டியபோதும், தமக்கு மூச்சு வாங்கவே இல்லை என்று சாதித்தார்.

முதல் வாரம் முகமூடி வழியாக ஆக்சிஜன், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, குப்புறப் படுக்க வைத்தல் என்று போனது. அதற்கிடையே ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை வாங்க ஒரு பகல் முழுவதும் வெயிலில் வரிசையில் நின்றேன். அந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் நின்றிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

17ஆம் தேதி இரவு, குழாய் பொருத்தி வென்டிலேட்டர் என்ற செயற்கை சுவாச இயந்திரத்தில் வைக்கச் சம்மதம் கேட்டுப் பணி மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். பிழைப்பாரா என்று கேட்டேன். "இப்போது எதுவும் சொல்ல முடியாது சார், பத்து நாள் போகட்டும்" என்றார். நழுவுகிறார் என்று கோபம் வந்தது.

அன்றிரவு கைப்பேசியில் தேடியபோது முதலில் கண்ணில் பட்டது, வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்களில் 88 சதவீதம் பேர் இறந்தனர் என்ற செய்தி. அதை அம்மாவிடம் சொல்லாமல் இரண்டு நாள் சுமந்தேன். மூன்றாம் நாள்தான் அந்த எண் பிறந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். நியூயார்க் பகுதியின் நார்த்வெல் மருத்துவமனைகளில் சேர்ந்த 5,700 பேரைப் பற்றி 2020 ஏப்ரலில் வெளியானது அது. அவர்களில் 1,151 பேர் வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார்கள். ஆய்வு முடிந்த நாளில் 282 பேர் இறந்திருந்தார்கள், 38 பேர் வீடு திரும்பியிருந்தார்கள், மீதி 831 பேர் இன்னும் மருத்துவமனையிலேயே இருந்தார்கள். முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் கணக்கில் எடுத்ததால்தான் 88 வந்தது. எல்லோரையும் சேர்த்தால் 24.5 சதவீதம். அந்த 831 பேரிலும் பிறகு சிலர் இறந்திருப்பார்கள் என்பதால் இந்தச் சிறிய எண்ணும் இறுதியானதல்ல. ஆனால் என் அப்பா அப்போது படுத்திருந்தது அந்த 831 பேரின் வரிசையில்தான். மருத்துவர் நழுவவில்லை என்பது அப்போது புரிந்தது.

கொரோனாவுக்கான மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வையும் அப்போதுதான் படித்தேன். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 28 நாட்களுக்குள் 100க்கு 41 பேர் இறந்தார்கள். டெக்ஸாமெத்தசோன் பெற்றோரில் 29 பேர். நான் வரிசையில் நிற்காமலே, சில ரூபாய் விலையில், அந்த மருந்து அப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நாள்தோறும் மாலை ஒரே ஓர் அழைப்பு வரும். "எப்படி இருக்கிறார்" என்று கேட்டால் "அப்படியே இருக்கிறார்" என்பதுதான் பதில். ஆகவே கேள்விகளை மாற்றிக்கொண்டேன்: இயந்திரம் கொடுக்கும் ஆக்சிஜன் எத்தனை சதவீதம், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க மருந்து ஓடுகிறதா, சிறுநீர் எவ்வளவு பிரிந்தது. 100 என்றிருந்த ஆக்சிஜன் ஒரு வாரத்தில் 70 ஆனது, நடுவில் காய்ச்சல் வந்து 85க்கு ஏறியது, பிறகு 45க்கு இறங்கியது. மே 29 அன்று கழுத்தில் துளையிட்டுக் குழாயை மாற்றினார்கள். ஜூன் 8 அன்று இயந்திரத்தை எடுத்தார்கள்.

அதன்பின் காணொளி அழைப்பில் அவரைப் பார்த்தபோது, தாம் ஓடும் ரயிலில் இருப்பதாகவும், விழுப்புரத்தில் வண்டியை நிறுத்தாமல் கொண்டு போகிறார்கள் என்றும் உதடசைவிலும் சைகையிலும் முறையிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் கிடந்தவர்களுக்கு இத்தகைய மனக்குழப்பம் வருவதுண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று செவிலியர் சொன்னார். அப்பாவுக்குத் தெளியப் பத்து நாட்களுக்கு மேலாயிற்று.

ஜூன் 19 அன்று வீட்டுக்கு அழைத்துவந்தோம். மருத்துவமனைத் தாளில் "குணமடைந்து வீடு திரும்பினார்" என்று இருந்தது. வந்தவருக்கோ 14 கிலோ எடை குறைந்திருந்தது. தண்ணீர் விழுங்கினால் புரையேறியது. டம்ளரைப் பிடிக்க விரல்களில் வலுவில்லை. எந்த எண்ணிலும் இது தென்படவில்லை என்பதுதான் என் குறை. பிசியோதெரபி செய்பவர் வாரம் மூன்று நாள் வந்தார். ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, சட்டைப் பொத்தான்களை அப்பா தாமே போட்டுக்கொண்டார். ஆறு நிமிடம் ஆனது. உதவ எழுந்த அம்மாவைக் கையமர்த்தி உட்கார வைத்துவிட்டார்.