திருவிழாச் சேற்றில் கூடாரச் சாமான்கள்

பென்னாகரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், ஆடி மாதத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் பங்காளிகள், வீடுகளில் இடம் போதாமல், கோயிலை ஒட்டிய கொல்லையில் கூடாரம் அடித்துத் தங்குவது வழக்கம். முந்தைய இரவு மழை பெய்துவிட்டால், தார்ச்சாலையில் நிற்கும் வண்டியிலிருந்து அங்கே சாமான்களைக் கொண்டுசேர்ப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது.

பெட்டிகளின் அடியில் இருக்கும் சின்னச் சக்கரங்களைச் சேற்றில் நம்பவே கூடாது. பாரம் முழுவதும் விரலளவு அகலத்தில் இறங்குவதால் அவை புதைந்து, சுழலாமல் மண்ணை உழத் தொடங்குகின்றன. கட்டட வேலைக்குப் பயன்படும், காற்றடைத்த டயர் கொண்ட ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி எவ்வளவோ மேல். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் மண்ணில் படியும் பரப்பு கூடி, புதைவது குறைகிறது. அதையும் தள்ளுவதைவிடத் திருப்பிப் பிடித்து இழுத்துச் செல்வதே எளிது. ஏனெனில் தள்ளும்போது நம் விசையின் ஒரு பகுதி சக்கரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, இழுக்கும்போதோ சற்று மேலே தூக்குகிறது. டிராக்டர் போன தடம் வழிபோலத் தோன்றினாலும், அங்கேதான் தண்ணீர் தேங்கி மண் குழம்பியிருக்கும். புல் மிஞ்சியிருக்கும் வரப்போரமே நல்லது.

படுக்கை விரிப்புகளையும் மாற்றுத்துணிகளையும், கழுவிக் காயவைத்த, உள்ளுறை கிழியாத உரச்சாக்குகளில் போட்டு வாயை இறுகக் கட்டிவிடுவோம். பாத்திரங்களை அண்டாவுக்குள் அடுக்கி, அதன் வளையங்களில் கயிறு கட்டி, மூங்கில் கழியில் தொங்கவிட்டு, இருவர் தோளில் சுமந்து செல்வதற்கு ஈடான முறையை நான் இன்னும் பார்க்கவில்லை. கூடாரத்துணி மட்டும் சித்தப்பாவின் தலையில்தான் போகும். சும்மாடு கட்டத் தெரியாதவர்களிடம் அவர் அதைக் கொடுப்பதில்லை.