பெரியம்மாவின் ஒரு மணி நேரம்

நவம்பர் 2

கல்லறைத் திருநாள், கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் நாள். பூசை முடிந்து சாமியார் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தார். பெரியம்மா இந்த வருடம் வரவில்லை. ஈரலில் புற்றுநோய், வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியம்மாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை, ஆனாலும் அவருக்குத் தெரியும். நாங்கள் வீடு திரும்பியதும் கேட்ட முதல் கேள்வியே "என்னை அங்க எந்த இடத்துல வைப்பீங்க?" என்பதுதான். "சும்மா இருங்கம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று அண்ணன் பேச்சை மாற்றப் பார்த்தான். நான், "பெரியப்பா பக்கத்துலதான் பெரியம்மா" என்றேன். "சரி, நல்லது" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி கேட்டார். சாவைப் பற்றிப் பேச நமக்குத்தான் பயம்.

நவம்பர் 6

நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனச் சடங்கு) கொடுக்கச் சாமியாரைக் கூப்பிடலாம் என்றேன். "இப்பவே கூப்பிட்டா அவங்க பயந்துருவாங்க" என்கிறார் மதினி. வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு ஜெபமாலையிலும் 53 தடவை "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லி வந்த மனுஷி அவர், அந்த நேரம் நெருங்குகிறது என்றால் பயந்துவிடுவாரா? முன்பெல்லாம் மூச்சு இழுக்கும்போதுதான் சாமியாரைத் தேடி ஓடுவார்கள். இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருட்சாதனம் அல்ல என்று 1963லேயே உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது, 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் சடங்கையே திருத்தி அமைத்தார். இன்னமும் நாம் நினைவு தப்பும்வரை காத்திருக்கிறோம். பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வாய் பேச வேண்டாமா? நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்கத் தொண்டையில் கொஞ்சமாவது இறங்க வேண்டாமா?

நவம்பர் 8

சாமியார் வந்தார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார், பாவசங்கீர்த்தனம் வெகுநேரம் நடந்தது. அப்புறம் எங்களை உள்ளே கூப்பிட்டு, நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார். பெரியம்மா அந்தக் கைகளை மூடவே இல்லை, போர்வையில் பட்டுவிடக்கூடாது என்று மேலே தூக்கியே வைத்திருந்தார், மதினி துணியோடு வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினார். ராத்திரி என்னிடம், "தினமும் ஒரு மணி நேரம் இதே மாதிரி கதவைச் சாத்திக் குடுத்துருய்யா" என்றார்.

நவம்பர் 16

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இவ்வளவு பாடு. விவரம் தெரிந்து சொந்தபந்தம் எல்லாம் வருகிறார்கள், பாசமாகத்தான் வருகிறார்கள், ஆனால் யாராவது ஒருவர் அழுதுகொண்டோ, போனில் பேசிக்கொண்டோ, சாப்பிடச் சொல்லி வற்புறுத்திக்கொண்டோ இருப்பதால் அந்த அறையில் ஒரு நிமிஷம்கூட அமைதி இல்லை. கதவைச் சாத்தினால் "தனியா விட்டுட்டாங்களே" என்று வருத்தப்படுகிறார்கள். சின்ன அத்தைக்கு கெத்சமனியை ஞாபகப்படுத்தினேன். சாவதற்கு முந்தின இரவு இயேசு மூன்று பேரைக் கூடவே கூட்டிக்கொண்டு போய் விழித்திருக்கச் சொன்னார், ஜெபிக்க மட்டும் அவர்களை விட்டுக் கல்லெறி தூரம் விலகிப் போனார். ஆளும் பக்கத்தில் வேண்டும், அந்தத் தூரமும் வேண்டும். சாகக்கிடப்பவருக்கு நாம் கொடுக்க வேண்டிய இடைவெளி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது அத்தை திண்ணையில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறார், கூப்பிட்டால் கேட்கிற தூரம். உள்ளே பெரியம்மா தனியாக இருக்கிறார். வாயால் சொல்லத் தெம்பில்லை, விரல் மட்டும் மணி மணியாக நகர்கிறது.

நவம்பர் 23

ஒரு துக்க வீட்டுக்காக உடன்குடி போனவன் அப்படியே மணப்பாடு போய்விட்டு வந்தேன். மணல்குன்று மேல் சிலுவைக் கோவில், கீழே கடலைப் பார்த்தபடி புனித சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகை. 1542இல் இந்தக் கடற்கரைக்கு வேதம் போதிக்க வந்தவர். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். இத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் இப்படி ஒரு இடம் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. 1552 டிசம்பர் 3, சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில், குடிசையில், 46 வயதில் காய்ச்சலில் இறந்தபோது பக்கத்தில் இருந்தவர் அந்தோணி என்ற சீன இளைஞர். பூச எண்ணெய் இல்லை, சாமியார் இல்லை. அதை அநாதைச் சாவு என்று நான் நினைக்கவில்லை. குகையில் உட்கார்ந்து யாரோடு பேசிப் பழகினாரோ அவரோடுதான் அங்கேயும் இருந்திருப்பார். பெரியம்மாவும் விடியுமுன் பின்வாசலில் தனியாக உட்கார்ந்து ஜெபிக்கிறவர், நான் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து பார்க்கிறேன். கதவு சாத்தினால் அவர் கலங்காததற்குக் காரணம் எனக்கு அங்கே வைத்துத்தான் பிடிபட்டது.

டிசம்பர் 3

சவேரியார் திருநாள். பெரியம்மாவுக்கு இப்போது தண்ணீர் மட்டும்தான். காலையில் சாமியார் நற்கருணையில் ஒரு சின்னத் துணுக்கை ஸ்பூன் தண்ணீரில் கொடுத்தார், விழுங்கிவிட்டார். நீண்ட ஜெபங்களை விட்டுவிட்டோம். "தந்தையே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்படைக்கிறேன்" என்பதை மட்டும் காதருகே மெதுவாகச் சொல்கிறேன். பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் உள்ளது, இயேசு சிலுவையில் சொன்னது, திருச்சபை தினமும் இரவு ஜெபத்தில் சொல்வது. நானும் இப்போது படுக்கும் முன் விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து இதைச் சொல்கிறேன்.

எனக்கென்றும் ஒரு தாள் எழுதிவிட்டேன்: நினைவு இருக்கும்போதே சாமியாரைக் கூப்பிடுங்கள், நோய் என்னவென்று மறைக்காதீர்கள், இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வாசித்துக் காட்டுங்கள், தினமும் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக் கொடுங்கள். பைபிளுக்குள் வைத்திருக்கிறேன் என்று மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, தனக்கும் ஒன்று எழுத வேண்டும் என்று பேனா கேட்டாள்.