மாளிகை ஆஸ்பத்திரியில் தொண்டு செய்த ஒருவரைத் தேடிய கதை

முதல் உலகப்போரில் இங்கிலாந்தின் மாளிகை ஆஸ்பத்திரி ஒன்றில் தொண்டு செய்த யாரையாவது நீங்கள் தேடிக்கொண்டிருந்தால், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: பழைய ஆவணங்களை வைத்திருக்கும் ஆவணக் காப்பகத்தில் "எங்களிடம் எதுவும் இல்லை" என்று சொன்னால் நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

நான் இருப்பது செஷயரில். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவருடைய பாட்டி, காயம்பட்ட சிப்பாய்களுக்காக இங்கே பக்கத்தில் ஒரு மாளிகையில் நடந்த ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தவர். இப்போது அங்கே ஒரு குடும்பம் குடியிருப்பதால் மாளிகையின் பெயர் வேண்டாம். அந்த அம்மாவிடம் மிச்சமிருந்தது ஒரு ஆட்டோகிராஃப் புத்தகம்தான். ஒரு பக்கத்தில் சிப்பாய் ஒருவர் எழுதிய நாலு வரிப் பாட்டு. அடுத்த பக்கத்தில் பென்சில் படம்: கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் கொடுத்த நீல உடுப்பு, கழுத்தில் டை. அந்த டைக்கு மட்டும் சிவப்பு தீட்டியிருந்தது. கீழே பெயர், படைப்பிரிவு, எண்.

தொண்டர் அட்டைகளைச் செஞ்சிலுவைச் சங்கம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வி.ஏ.டி. என்று 1909-இல் தொடங்கிய தொண்டர் அமைப்பில் இருந்தவர்களின் அட்டைகள் அவை. வீட்டார் சொன்ன குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அது கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெயர். கன்னிப் பெயரைக் கேட்டு வாங்கித் தேடியபோது எழுத்து கொஞ்சம் மாறி இருந்தது, ஆனால் முகவரியில் ஊர்ப்பெயர் சரியாக இருந்ததால் பிடித்துவிட்டோம். பெயரோடு ஊரையும் போட்டுத் தேடுங்கள்.

அட்டையில் வேலை என்ற இடத்தில் "சமையலறை" என்று இருந்தது. நர்ஸ் என்று குடும்பமே இத்தனை காலம் சொல்லிவந்திருக்கிறது. அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை, உட்கார வைத்துப் பேசினேன். இந்த ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சிலர்தான் இருப்பார்கள், மற்றதெல்லாம் சுற்றுவட்டாரப் பெண்கள். ஆல்ட்ரிங்கம் பக்கத்தில் டன்ஹம் மாஸி மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்ஃபோர்டு பிரபு குடும்பத்து வீடு அது. 1917 முதல் 1919 வரை 281 சிப்பாய்கள் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார்கள், வரவேற்புக் கூடமே வார்டாகிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே ஒருவருக்குத் தலையில் அறுவை சிகிச்சை நடந்தபோது வீட்டு மகள் ஜேன் கிரே டார்ச் பிடித்து நின்றார் என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். அத்தனை பேருக்கும் வேளாவேளைக்குச் சோறு போட்டவர்களை யார் சொல்கிறார்கள்? நாடு முழுக்க வீடு வீடாக முட்டை சேர்த்து அனுப்பினார்களே, சில முட்டைகளில் வாழ்த்துகூட எழுதி, அதெல்லாம் யாரோ ஒரு பெண் கையால் வெந்துதானே கட்டிலுக்குப் போயிருக்கும்.

சரி, காப்பகத்துக்கு வருகிறேன். வாசகர் அட்டை சுலபமாகக் கிடைத்துவிட்டது, அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதும். ஆனால் "வாருங்கள், பார்க்கலாம்" என்று மின்னஞ்சலில் பதில் போட்டவர்கள், போய் நின்றதும் அந்தப் பெட்டிகள் வேறு கட்டடத்தில் இருக்கின்றன, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். ரயில் செலவும் ஒரு நாள் விடுப்பும் போனதுதான் மிச்சம். மேசையில் இருந்தவரிடம் வேறு வழி உண்டா என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஆஸ்பத்திரிப் பதிவேடு எதுவும் இல்லை, தேடிப் பயனில்லை என்றார். அதனால் சொல்கிறேன், ஆவண எண்ணைக் குறிப்பிட்டு "இந்தத் தேதிக்கு எடுத்து வைத்திருக்கிறோம்" என்று எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

மேசையில் இருந்த அவர் "ஆஸ்பத்திரி" என்ற சொல்லை மட்டும் போட்டுத் தேடியிருக்கிறார். இந்த ஆஸ்பத்திரிகள் பலவற்றை நடத்தியது வீட்டு எஜமானியம்மாள்தான், அதனால் கணக்கும் கடிதமும் அந்தக் குடும்பத்தின் எஸ்டேட் காகிதங்களோடு போய்ச் சேர்ந்திருக்கும். குடும்பப் பெயரில் தேடுங்கள், ஊர்ச் சர்ச்சின் மாதப் பத்திரிகையையும் கேளுங்கள். அடுத்த முறை நான் கேட்டது அவை இரண்டையும்தான். எடுத்துக்கொடுத்தவர் வேறொரு இளைஞர், பொறுமையானவர், பென்சில்கூட அவரே தந்தார். 1918-ஆம் ஆண்டுச் சர்ச் பத்திரிகையில், யார் யார் காய்கறி கொடுத்தார்கள் என்ற பட்டியலுக்குக் கீழே, சமையலறையில் உழைத்த பெண்களுக்கு நன்றி என்று ஒரு பத்தி. மூன்றாவது பெயர் பாட்டியுடையது, எழுத்துப் பிழை இல்லாமல். அங்கிருந்தே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

சிப்பாய்களைத் தேடுவது இதைவிடச் சிரமம். அவர்களுடைய பணிப் பதிவேடுகளில் பெரும்பகுதி 1940-இல் லண்டனில் குண்டு விழுந்து எரிந்துவிட்டது, ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலும் ஒரு சிறு பகுதிதான் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. யாருக்கு என்ன பதக்கம் என்று குறித்து வைத்த பதக்க அட்டைகள் தப்பித்திருக்கின்றன, படைப்பிரிவும் எண்ணும் தெரிந்தால் அதிலிருந்து தொடங்கலாம். சிவப்பு டை படம் வரைந்தவரை அப்படித்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.